அக்வா ஹைபிரிட் லீற்றருக்கு 24 ஓடியது, இப்போது 18தான் ஓடுகிறது: பிழை நான் மாற்றிய ரயரிலா, என் ஓட்டத்திலா?

கொக்குவில் ஆசிரியர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2013ஆம் ஆண்டு ரொயோட்டா அக்வா, பெற்றோல் இயந்திரமும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார். ஜப்பானில் ஓடிய வண்டியாக 2016இல் இறக்குமதியாளர் ஒருவரிடம் வாங்கினேன். கிளிநொச்சியிலுள்ள பாடசாலைக்கு வாரத்தில் மூன்று நாள்கள் இதில் போய் வருகிறேன். வழியில் மூன்று ஆசிரியர்கள் ஏறிக்கொள்வார்கள். போகவர ஏறத்தாழ 130 கிலோமீற்றர். 2022இல் எரிபொருள் பங்கீட்டுக்கான கியூஆர் அட்டைக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல் மட்டுமே கிடைத்த காலத்தில், அந்த 20 லீற்றருக்குள் மூன்று நாள் பயணத்தையும் வீட்டுத் தேவையையும் முடிப்பதற்காக நிதானமாக ஓட்டப் பழகினேன். முழுத் தாங்கியிலிருந்து முழுத் தாங்கிவரை அடித்த பெற்றோலைக் கொண்டு கணக்குப் பார்த்தால் லீற்றருக்கு 24 கிலோமீற்றர் கிடைத்தது. கொப்பி ஒன்றில் இன்றுவரை எழுதி வருகிறேன்.

கடந்த பத்து மாதங்களில் இந்தக் கணக்கு 18க்கு இறங்கிவிட்டது. இதே காலத்தில் வண்டியில் சில மாற்றங்கள் செய்தேன். பழைய 15 அங்குல றிம்மில் 175/65 அளவு ரயர்கள் இருந்தன; வீதிக் குழிகளில் அடி தட்டாமல் இருக்கட்டும் என்று 16 அங்குல அலோய் றிம்மும் 195/55 அளவு ரயரும் போட்டேன். கூரையில் ஒரு பொருட்பெட்டி பூட்டினேன். இருக்கைகள் எல்லாவற்றுக்கும் கீழ்வரை மூடும் தோலுறை தைப்பித்தேன். பெற்றோலும் 92 ஒக்ரேனிலிருந்து 95க்கு மாற்றினேன்.

என் ஓட்டும் முறையையும் சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்து புறப்படும்போது, மின் மோட்டாரில் மட்டும் ஓடவைக்கும் ஈவி பொத்தானை அழுத்தி, பற்றரி இறங்கும்வரை மோட்டாரிலேயே போவேன். ஏ9 வீதியில் பற்றரி கூடுதலாக ஏறும் என்று நினைத்து அடிக்கடி கியரை ‘பி’யில் (B; பார்க்கிங் அன்று) வைப்பேன். புகையிரதக் கடவையில் நிற்கும்போது நியூட்ரலில் விடுவேன். ஏசி எப்போதும் ஓடும்.

பெற்றோல் குழாயில் பூட்டினால் 20 வீதம் மிச்சப்படும் என்று ஒரு காந்தக் கருவியைக் கடையொன்றில் காட்டினார்கள். அதை வாங்குவதற்கு முன் உங்களிடம் கேட்கலாம் என்று நினைத்தேன். எதைத் திரும்ப மாற்ற வேண்டும், எதை மாற்றத் தேவையில்லை என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

வவுனியா ஹைபிரிட் திருத்துநர் எழுதியது:

வணக்கம் ஐயா. தாங்கிக் கணக்கைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறீர்கள் என்பது பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடுகிறது. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் திரையில் காட்டும் எண்ணை மட்டுமே சொல்வார்கள்.

காந்தக் கருவியை வாங்காதீர்கள். பெற்றோல் காந்தத்துக்கு இழுபடும் பொருள் அன்று. தண்ணீரிலிருந்து ஐதரசன் எடுத்து இயந்திரத்துக்கு ஊட்டும் பெட்டிகளும் அப்படித்தான். அந்த ஐதரசனைப் பிரிப்பதற்கு வேண்டிய மின்சாரத்தை உங்கள் பெற்றோலே தர வேண்டும், திரும்பக் கிடைப்பதோ அதைவிடக் குறைவு. 95 ஒக்ரேனும் வேண்டாம். அக்வாவின் இயந்திரத்தில் அமுக்க விகிதம் 13.4 என்று இருப்பதைப் பார்த்து, உயர் ஒக்ரேன் வேண்டுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். ஆனால் அது அற்கின்சன் சுழற்சி இயந்திரம். காற்றை உள்ளே விடும் வால்வு பிந்தி மூடுவதால் உண்மையில் அமுக்கப்படும் காற்று அந்த எண் காட்டுவதைவிடக் குறைவு. ஜப்பானில் சாதாரணப் பெற்றோலுக்கென்றே செய்த வண்டிக்கு நம் 92 தாராளமாகப் போதும்.

இனி ரயருக்கு வருகிறேன். நீங்கள் போட்டிருக்கும் ரயரின் விட்டம் பழையதைவிட ஏறத்தாழ 2 வீதம் பெரியது. பழையது 608 மில்லிமீற்றர், புதியது 621. அதனால் உங்கள் ஓட்டமானி 100 கிலோமீற்றர் காட்டும்போது வண்டி உண்மையில் 102 ஓடியிருக்கிறது. ஆகவே 18 என்பது உண்மையில் 18.4 அளவில் இருக்கும். இது சிறிய ஆறுதல்தான். மீதிக் குறைவு உண்மையானது. ஜப்பானிலிருந்து வரும்போது அக்வாவில் இருப்பவை பெரும்பாலும் உருளல் எதிர்ப்புக் குறைந்த, எரிபொருள் சேமிக்கும் ரயர்கள். அங்கே 2010இலிருந்து ரயர்களுக்கு ஏஏஏ முதல் சி வரை தரம் குறித்து ஒட்டுகிறார்கள். இங்கே நாம் ரயர் மாற்றும்போது விலையையும் அளவையும் பார்க்கிறோம், இந்தத் தரத்தைக் கேட்பதே இல்லை. ஒரு வண்டியின் தோற்றத்துக்காக அகன்ற ரயர் போட்டுவிட்டு, பிறகு ஹைபிரிட் பற்றரி பழுதாகிவிட்டது என்று நினைத்து என்னிடம் கொண்டுவந்தவர்கள் பலர். பற்றரியை அளந்து பார்த்தால் அது நன்றாகவே இருக்கும்.

உங்கள் தோலுறை எனக்கு ரயரைவிடக் கூடுதலான கவலை தருகிறது. அக்வாவின் ஹைபிரிட் பற்றரி பின் இருக்கைக்குக் கீழே இருக்கிறது. அதைக் குளிரச் செய்யும் காற்று, பயணிகள் அமரும் பகுதியிலிருந்து பின் இருக்கையின் கீழ்ப்பக்கத்திலுள்ள ஒரு துவாரத்தின் வழியாகத்தான் போகிறது. கீழ்வரை மூடும் உறை அதை மறைத்திருந்தால் பற்றரி சூடாகும். சூடானால் கணினி அதற்கு ஏற்றுவதையும் அதிலிருந்து எடுப்பதையும் குறைத்துவிடும். பிரேக் பிடிக்கும்போது கிடைக்க வேண்டிய மின்சாரம் பிரேக் கட்டையில் வெப்பமாகப் போகும். எரிபொருள் நட்டம் ஒரு பக்கம் இருக்க, பற்றரியின் ஆயுளும் குறைகிறது. இன்றைக்கே அந்த இடத்தில் உறையை வெட்டிவிடுங்கள். உள்ளே இருக்கும் சிறிய விசிறியில் தூசு படிந்திருக்கிறதா என்றும் யாராவது பழக்கப்பட்டவரைக் கொண்டு பார்ப்பியுங்கள். உயர் அழுத்த மின்சாரம் உள்ள இடம் ஆகையால் தயவுசெய்து நீங்களாகக் கழற்ற வேண்டாம்.

இன்னொன்றையும் பாருங்கள். ஹைபிரிட் காரில் பிரேக் கட்டைகளுக்கு வேலை குறைவு. பெரும்பகுதி வேகத்தை மோட்டார்தான் குறைக்கிறது. கடற்காற்று வீசும் குடாநாட்டில், வேலை இல்லாத அந்தப் பிரேக்கின் நகரும் ஊசிகள் துருப்பிடித்து இறுகிவிடும். பிறகு கட்டை, சுழலும் பிரேக் தட்டை விட்டு முழுமையாக விலகாமல் எந்நேரமும் மெல்ல உரசிக்கொண்டே இருக்கும். கிளிநொச்சியில் இறங்கியதும் நான்கு றிம்மின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் கணக்கின் ஒரு பங்கு அங்கே போகிறது.

ஒயிலையும் கேட்க மறந்துவிட்டேன். 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஒயிலைத்தான் ஊற்ற வேண்டும், அதைவிடத் தடித்த எதையும் ஊற்ற விடாதீர்கள். இந்த இயந்திரம் ஒரு பயணத்தில் எத்தனையோ தடவை நின்று நின்று தொடங்குகிறது.

---

ரொறன்ரோவிலிருந்து பழைய பிரியஸ்காரர் எழுதியது:

வணக்கம். நான் இங்கே பல ஆண்டுகள் ரக்ஸி ஓட்டியவன். ஓட்டியதில் நீண்ட காலம் ரொயோட்டாவின் இன்னொரு ஹைபிரிட் காரான பிரியஸ், அதன் இரண்டாம் தலைமுறை. ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் ஒரே வண்டியில் இருந்தபடியால், எந்தப் பழக்கம் எவ்வளவு பெற்றோல் குடிக்கிறது என்று பார்க்க எனக்கு வேறு யாருக்கும் கிடைக்காத வாய்ப்புக் கிடைத்தது. ஆசிரியரின் ஓட்டும் முறையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஐயா, ஈவி பொத்தானை விட்டுவிடுங்கள். உங்கள் பற்றரியில் இருக்கும் மின்சாரம் வெளியிலிருந்து இலவசமாக வந்ததன்று. அது பெற்றோல் எரித்து உண்டாக்கியது, அல்லது முன்பு எரித்த பெற்றோலில் பிரேக் பிடிக்கும்போது மீட்டது. இயந்திரத்திலிருந்து மின்னாக்கிக்கும், அதிலிருந்து பற்றரிக்கும், அங்கிருந்து மீண்டும் மோட்டாருக்கும் போகும் வழியில் ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் சிந்துகிறது. காலையில் பற்றரியை அடிமட்டம்வரை இறக்கிவிட்டால், பிறகு இயந்திரம் வண்டியையும் இழுத்து அதையும் நிரப்ப வேண்டும். அதுவும் இன்னும் சூடேறாத இயந்திரம். கணினியை அதன் போக்கில் விட்டால் எப்போது மோட்டார் நல்லது, எப்போது இயந்திரம் நல்லது என்று அதுவே ஒவ்வொரு கணமும் பார்த்துக்கொள்கிறது.

‘பி’ என்பதும் பற்றரி ஏற்றுவதற்கான கியர் அன்று. அதில் போட்டால் பெற்றோல் எரியாத இயந்திரத்தை வலிந்து சுழற்றி, அதன் இழுவையால் வண்டியை மெதுவாக்குகிறார்கள். பற்றரிக்குப் போகக்கூடிய சக்தியில் ஒரு பங்கு அப்படியே காற்றாகப் போகிறது. சமதரையான ஏ9இல் அதற்கு ஒரு வேலையும் இல்லை. நியூட்ரலும் அப்படியே; அதில் வைத்தால் இயந்திரம் ஓடினாலும் பற்றரிக்கு ஏறாது, ஏசி அதிலிருந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கடவையில் டிரைவில் வைத்துப் பிரேக்கை மிதித்திருங்கள். நெடுநேரம் என்றால் பார்க்கிங்கில் போடுங்கள்.

எடுக்கும்போது முட்டை மேல் கால் வைப்பதுபோல மெல்ல மெல்ல மிதிப்பதுதான் சிக்கனம் என்று நானும் தொடக்கத்தில் நம்பினேன். அது தவறு. திரையில் ‘எக்கோ’ என்று காட்டும் பட்டையின் மேல்பாதிவரை தயங்காமல் மிதித்து வேண்டிய வேகத்துக்குக் கொண்டுபோங்கள். இயந்திரம் ஓடுவதென்றால் அது நல்ல சுமையில் ஓடுவதே திறமை. வேகம் வந்ததும் காலை முழுவதும் எடுத்துவிட்டு, மீண்டும் மெதுவாக, ஒரு விரலளவு வைத்தாற்போல மிதியுங்கள். இயந்திரம் நின்றுவிடும், மோட்டாரும் தள்ளாது, பற்றரிக்கும் ஏறாது. வண்டி தன் வேகத்திலேயே வழுக்கிச் செல்லும். அதுதான் இந்த வண்டியில் கிடைக்கும் மிக மலிவான கிலோமீற்றர். 2005இல் பிற்ஸ்பேர்க்கில் ஒரு குழுவினர் என்னுடையதைப் போன்ற பிரியஸில், இப்படி ஏற்றி ஏற்றி வழுக்கவிட்டு, ஒரு தாங்கிப் பெற்றோலில் கலனுக்கு 100 மைலுக்கு மேல் ஓடிக் காட்டினார்கள். அமெரிக்கக் கலன் கணக்கில் அது லீற்றருக்கு 42 கிலோமீற்றருக்கும் கூட. அவர்கள் வெறும் வீதியில் குறைந்த வேகத்தில் ஓடினார்கள். நாம் பின்னால் பேருந்து வரும்போது அப்படி விளையாடக் கூடாது. ஆனால் அந்தப் பழக்கத்தில் பாதியைக் கொண்டுவந்தாலே தெரியும் அளவுக்குப் பயன் இருக்கிறது.

பிரேக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். தூரத்தில் கடவை மூடுவதைக் கண்டதும் காலை எடுத்து, நீளமாக, மெதுவாகப் பிடியுங்கள். கடைசி நேரத்தில் அழுத்திப் பிடித்தால் மோட்டாரால் அவ்வளவையும் வாங்க முடியாமல் பிரேக் கட்டை வேலை செய்யும். என்னுடைய சக ஓட்டுநர்கள் இதே வண்டியில் இதே நகரத்தில் என்னைவிட லீற்றருக்கு மூன்று நான்கு கிலோமீற்றர் குறைவாக எடுத்ததற்கு நான் கண்ட பெரிய காரணம் இதுதான்.

உங்களுக்குக் குளிர்காலம் இல்லை என்பது பெரிய கொடை. இங்கே பனிக்காலத்தில், உள்ளே சூடு வேண்டுமென்பதற்காகவே இயந்திரம் ஓடும். என் கணக்கு கோடையைவிட நான்கில் ஒரு பங்கு குறையும். அதற்காகவே இரண்டாம் தலைமுறைப் பிரியஸில் சூடான குளிர்விப்புத் திரவத்தை மூன்று நாள்வரை சூடாகவே வைத்திருக்கும் ஒரு வெப்பக் குடுவையை வைத்திருந்தார்கள். குளிர்ந்த இயந்திரம் எவ்வளவு வீண்செலவு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. யாழ்ப்பாணத்திலும் ஐந்து நிமிடச் சிறு ஓட்டங்களை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டால் அந்த வீணைத் தவிர்க்கலாம்.

---

பேராதனை இயந்திரவியல் எழுதியது:

இரண்டு பேரும் அனுபவத்தில் சொன்னதற்கு எண் போட்டுப் பார்த்தேன். தோராயமான மதிப்பீடுதான், ஆனால் எதற்கு முதலிடம் கொடுப்பது என்று காட்டுகிறது.

நான்கு பேருடன் உங்கள் வண்டி ஏறத்தாழ 1340 கிலோ இருக்கும். அக்வாவின் காற்று எதிர்ப்புக் குணகம் 0.28. நல்ல ரயருடன் சமதரையில் மணிக்கு 70 கிலோமீற்றரில் போகும்போது காற்றுக்கு எதிராக 130 நியூட்டன், ரயர் உருளலுக்கு எதிராக 118 நியூட்டன், ஆக 250 நியூட்டன் அளவு விசை வேண்டும். சாதாரண அகன்ற ரயரின் உருளல் குணகம் 0.009க்குப் பதிலாக 0.012 என்று வைத்தால் 39 நியூட்டன் கூடுகிறது. அதாவது 16 வீதம். கூரைப்பெட்டி காற்று எதிர்ப்பை ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் மேலும் 26 நியூட்டன். அது 10 வீதம். இரண்டையும் சேர்த்தால் உங்கள் இழப்பில் பெரும்பகுதி வந்துவிடுகிறது. மீதியைத் திருத்துநர் சொன்ன பிரேக்கிலும், பற்றரித் துவாரத்திலும், ‘பி’ கியரிலும் தேடலாம். பெட்டி வெறுமையாக இருந்தாலும் அந்த 26 நியூட்டன் குறையாது. அதன் பாரத்தைவிட வடிவமே பிரச்சினை.

வேகம் 70இலிருந்து 90க்குப் போனால் காற்று எதிர்ப்பு 65 வீதம் கூடும்; மொத்த விசை மூன்றில் ஒரு பங்கு கூடும். இங்கே எல்லோரும் மறக்கும் ஒன்று இருக்கிறது. ஆனையிறவைத் தாண்டும்போது சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) மணிக்கு 20 கிலோமீற்றரில் எதிரே வீசினால், நீங்கள் 70இல் போனாலும் காற்றைப் பொறுத்தவரை 90இல்தான் போகிறீர்கள். திரும்பி வரும்போது கொஞ்சம் கிடைக்கும், ஆனால் இழந்தது முழுவதும் வராது, ஏனென்றால் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. ஆகவே மாசி மாதத் தாங்கியையும் ஆடி மாதத் தாங்கியையும் ஒப்பிட்டு ரயரின் மேல் பழி போடக் கூடாது. கொப்பியில் சென்ற வருடத்து இதே மாதத்தைப் பாருங்கள்.

ஏசியை நிறுத்தி வியர்த்துக்கொண்டு போகத் தேவையில்லை. அது ஒரு கிலோவாற் இழுத்தால் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு லீற்றர் போகும். ஒரு மணித்தியாலத்தில் 60 கிலோமீற்றர் கடக்கும் ஏ9இல் அது பத்து வீதத்துக்குச் சற்று மேல். நகர நெரிசலில் அதே மணித்தியாலத்தில் 20 கிலோமீற்றர்தான் போனால் அது நான்கில் ஒரு பங்குக்கும் மேல் ஆகிவிடும். அதனால் நிழலில் நிறுத்துவதும், வெயிலில் நின்ற வண்டியின் கண்ணாடிகளை இறக்கிச் சூட்டை வெளியேற்றிவிட்டு ஏசி போடுவதும் நகர ஓட்டத்தில்தான் மிகவும் பயன் தரும்.

‘பி’ கியருக்கு ஒரு நியாயமான இடம் உண்டு, அது எங்கள் மலைநாடு. அக்வாவின் பற்றரி முழுவதும் 0.94 கிலோவாற் மணி. கணினி அதில் நடுப்பகுதியை மட்டுமே பயன்படுத்தும், 0.4 அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1340 கிலோ வண்டி 100 மீற்றர் உயரம் இறங்கினாலே ஏறத்தாழ அவ்வளவு சக்தி வெளிப்படும். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உருளலிலும் காற்றிலும் போவதைக் கழித்தாலும், இறக்கத்தின் தொடக்கத்திலேயே பற்றரி நிரம்பிவிடும். அதன் பிறகு எல்லாச் சுமையும் பிரேக் கட்டைக்குத்தான். அங்கே ‘பி’யில் போட வேண்டும்; அது பெற்றோலுக்காக அன்று, பிரேக் சூடேறிச் செயலிழக்காமல் இருப்பதற்காக.

---

கொக்குவில் ஆசிரியர் மீண்டும் எழுதியது:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஆறு வாரங்கள் பொறுத்து, நான்கு தாங்கிகளை அளந்த பிறகு எழுதுகிறேன். ஒன்றை மாற்றினால் ஒரு தாங்கி முழுவதும் ஓடிப் பார்த்த பின்னரே அடுத்ததை மாற்றினேன். 2 வீத ஓட்டமானித் திருத்தத்தையும் சேர்த்துக்கொண்டேன்.

முதலில் ஓட்டும் முறை. ஈவி பொத்தான், ‘பி’, நியூட்ரல் மூன்றையும் கைவிட்டேன். 18.4 என்பது 19.5 ஆனது. வழுக்கவிடுவது கைக்கு, இல்லை, காலுக்கு வர இரண்டு கிழமை பிடித்தது. இப்போது பரந்தன் சந்தியை அணுகும்போது பிரேக்கை மிதிப்பதே அரிதாகிவிட்டது. அடுத்து கூரைப்பெட்டியைக் கழற்றினேன், 21.1. மூன்றாவதாகப் பின் இருக்கைத் தோலுறையை வெட்டினோம். துவாரத்தின் வலைக்குள் மெத்தைப் பஞ்சும் தலைமயிரும் அடைத்திருந்ததைக் கண்டு எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. அழகுக்கென்று செய்த வேலை பத்து மாதமாக அந்தப் பற்றரியை மூச்சுவிடாமல் வைத்திருந்திருக்கிறது. விசிறியைத் துப்புரவாக்கிய பின் ஓடிய தாங்கியில் எண் 21.3. பெரிய வேறுபாடு இல்லை, ஆனால் மதிய வெயிலில் பின்னால் விசிறி இரைவது நின்றுவிட்டது.

நான்காவது, பிரேக். கிளிநொச்சியில் இறங்கிக் கையைக் காட்டிப் பார்த்தபோது முன் இடது சில்லு மட்டும் வெப்பமாக இருந்தது. கழற்றிய கராஜ்காரர் ஊசி ஒன்று துருவேறி அசையாமல் இருப்பதைக் காட்டினார். கிறீஸ் பூசி மாற்றியபின் 22.2.

95 ஒக்ரேனை முதல் நாளே நிறுத்திவிட்டேன். வேறுபாடு எதுவும் தெரியவில்லை, காசு மட்டும் மிச்சம். மீதமிருப்பது ரயர். பழைய 15 அங்குல றிம்கள் கோடிப்புறத்தில் கிடக்கின்றன. அவற்றுக்கு 175/65 அளவில், தரம் குறித்த ரயர் தேடிக்கொண்டிருக்கிறேன். குழிகளில் அடி தட்டுமே என்ற கவலைக்கு மட்டும் எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. ரயர் காற்றைக் கதவில் எழுதியிருப்பதைவிடக் கூட்டி அடித்தால் பெற்றோலும் மிச்சம், அடியும் உயரும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா?

---

வவுனியா ஹைபிரிட் திருத்துநர் எழுதியது:

ஐயா, இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கூட்டுவதால் கெடுதல் இல்லை, ஆனால் அதனால் அடி உயர்வது கண்ணுக்குத் தெரியாத அளவு. அதற்கு மேல் ஏற்றினால் ரயரின் நடுப்பகுதி மட்டும் தேயும். மாரி மழையில் வீதியைப் பிடிக்கும் பரப்பும் குறையும். நான்கு பேரை ஏற்றிச் செல்லும் வண்டியில் அதைச் செய்யாதீர்கள். காற்றை வெயிலில் ஓடி வந்தவுடன் பார்க்காமல், காலையில் புறப்படுமுன் குளிர்ந்த ரயரில் மாதத்துக்கு இரண்டு தடவை பாருங்கள்.

அடி தட்டுவதற்கு, வண்டியின் சுருள்வில்லும் ஷொக் அப்சோர்பரும் எத்தனை ஆண்டு பழையவை என்று முதலில் பார்க்க வேண்டும். 2013 வண்டியில் அவை தளர்ந்து, வண்டி தன் இயல்பான உயரத்தைவிடத் தாழ்ந்து நிற்கலாம். நிலத்திலிருந்து நான்கு சில்லு வளைவுகளின் உயரத்தையும் அளந்து இங்கே எழுதுங்கள், ரயர் வாங்குவதற்கு முன்.